நானூற்றெண்பது கவடு

பஸ்ரா,
1953 ஒக்டோபர் 4

அன்புத் தங்கச்சி மஸீஹாவுக்கு நானா சாலிஹ் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நான் சுகம். உம்மாவின் நெஞ்சுச் சளி குறைந்ததா? நீ மெலிந்துவிட்டாய் என்று சாச்சா எழுதியிருந்தார். ஒழுங்காகச் சாப்பிடு.

ஏழு வருஷத்துக்குப் பிறகு ஊருக்கு வருகிறேன். கப்பலில் இல்லை. உம்மா பக்கத்தில் இருந்தால் அடுத்த வரியை மெதுவாக வாசி. ஒரு கிழட்டு விமானத்தில் வருகிறேன்.

விட்லோ என்று ஒரு வெள்ளைக்காரக் கெப்டன். அறுபது வயதிருக்கும். யுத்தக் காலத்தில் சிகிரியாவுக்குப் பக்கத்தில் காட்டை வெட்டி விமானத் தரை போட்டார்களே, அங்கே இருந்தவர். அன்று அவர் ஓட்டிய மாதிரியே ஒரு விமானத்தை இங்கிலாந்தில் ஒரு மாட்டுக் கொட்டகையில் கண்டுபிடித்து வாங்கியிருக்கிறார். அதே தரையில் அதைக் கொண்டுபோய் இறக்கவேண்டும் என்பது அவருக்கு ஆசை. பஸ்ரா வரைக்கும் தனியாக வந்தவர், எங்கள் வேர்க்‌ஷொப்பில் நுழைந்து, "சிகிரியா தெரிந்த மெக்கானிக் யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்டார். நான் என்னை அறியாமல் கையைத் தூக்கிவிட்டேன்.

இருபது வருஷத்து விமானம். சிறகுகள் மேலே ஒன்று கீழே ஒன்று. தகரம் என்று நினைக்காதே, எல்லாம் துணி. மரச்சட்டத்தில் துணியை இழுத்துத் தைத்து வார்னிஷ் பூசியிருக்கிறது. முன்னால் எனக்கு ஒரு குழி, பின்னால் துரைக்கு ஒரு குழி. கூரை கிடையாது.

இப்போது வேலை. சிகிரியாத் தரை பல வருஷமாகச் சும்மா கிடக்கிறது. இறங்க அனுமதி கிடைத்துவிட்டது. ஆனால் தரை எப்படி இருக்கிறது என்பது எங்கள் பாடு. சாச்சாவை ஒருமுறை போய்ப் பார்க்கச் சொல். மரம், குழி, புற்று இல்லாமல் ஒரே நீளமாக எவ்வளவு இடம் இருக்கிறது என்று எட்டுக்கு ஒரு கவடாக நடந்து எண்ணச் சொல். எண்ணை எழுது, போதும்.

இன்னொன்று. புடவைக்கடை ஹுசைனின் வீட்டாருக்குச் சாச்சா வாக்குக் கொடுத்துவிட்டார். எனக்குப் பூரண சந்தோசம். சாச்சா வாப்பாவின் தம்பிதான், ஆனால் வாப்பா இல்லாத வீட்டில் நான்தான் உன் வலிகாரன், பொறுப்பாளி. நான் வந்து கையெழுத்துப் போட்டால்தான் நிக்காஹ். இறங்கிய மூன்றாம் நாள் வைப்போம். அடுத்த வீட்டு ஜுனைதீனின் பேச்சு இனி எழாது என்று நம்புகிறேன். கால் இழுத்து நடக்கிறவனுக்கு என் தங்கச்சியைக் கொடுக்க மாட்டேன் என்று போன வருஷமே எழுதினேன். அவன் நல்லவன்தான். அதற்காக?

உம்மாவுக்கு ஸலாம். துஆவில் என்னை மறக்க வேண்டாம்.

உன் நானா,
சாலிஹ்

*

அலுவிகாரை,
1953 ஒக்டோபர் 19

மரியாதைக்குரிய நானாவுக்கு, வஅலைக்கும் ஸலாம். உம்மாவுக்குச் சளி பாதி குறைந்திருந்தது. உங்கள் கடிதத்தை வாசித்ததும் மீதியும் பயத்தில் போய்விட்டது. நான் சுகம். நீங்கள் அங்கே நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

"துணியா? துணியிலயா எம் புள்ள வாறான்?" என்று உம்மா மூன்று நாளாக ஒரே கேள்வி. கொடியில் காய்கிற உடுப்பு காற்றில் படபடத்தால்கூட அவருக்கு நெஞ்சு அடிக்கிறது. "கப்பல்ல வந்தா என்னவாம்? கடல் வத்திப் போச்சா?" என்கிறார். நீங்களே பதில் எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்கு மட்டும் பயம் வரவில்லை. சாதிக்காய் காயப்போட முற்றத்துக்கு வந்தால் மேலே பார்த்தபடியே நிற்கிறேன். நேற்று மத்தியானம் அப்படி நிற்கும்போது, நீங்கள் கொக்கோ மரங்களுக்கு மேலே சத்தமே இல்லாமல் போவது போலவும், நான் கூப்பிட, நீங்கள் ஒரு கையை வெளியே நீட்டி மேகத்தைத் தடவிவிட்டுப் போவது போலவும் இருந்தது. கழுத்து வலித்த பிறகுதான் விளங்கியது, காகம்.

மேலே போனால் நேரம் எப்படி இருக்கும் நானா? கீழே மாதிரியேதான் ஓடுமா? மேகம் ஈரமா? எல்லாவற்றையும் எழுதுங்கள்.

தரை விஷயத்தைச் சாச்சாவிடம் வாசித்துக் காட்டினேன். விபரம் கிடைத்ததும் எழுதுகிறேன். மற்ற விஷயம் பற்றி நான் என்ன எழுத.

உங்கள் பயணத்துக்கு உம்மா நோன்பு நேர்ந்திருக்கிறார்.

இப்படிக்கு,
மஸீஹா

*

ஷார்ஜா,
1953 நவம்பர் 17

அன்புத் தங்கச்சிக்கு, ஸலாம். மண்ணும் உப்பும் தின்று உடம்பு கறுத்துவிட்டது, மற்றபடி சுகம். உம்மாவும் நீயும் சுகமாக இருக்க வல்ல அல்லாஹ் அருள் செய்யட்டும்.

மேகம் ஈரம்தான். முகத்தில் அப்பி மூக்கு நுனியில் சொட்டுகிறது. ருசி பார்த்தேன், ஒரு ருசியும் இல்லை.

நேரத்தைப் பற்றிக் கேட்டாயே. அதைச் சொல்லத்தான் எனக்குத் தெரியவில்லை. முதல் அரைமணி நேரம் எஞ்சின் காதைக் கிழிக்கும். பிறகு அந்தச் சத்தமே காதுக்குப் பழகி, ஒன்றும் கேட்காதது போல் ஆகிவிடும். கீழே மணல், ஒரு பக்கம் பச்சைக் கடல். எங்கள் நிழல் மட்டும் மணலில் ஆட்டுக்குட்டி மாதிரிக் கூடவே ஓடி வரும். நான் தூங்கவில்லை, சத்தியமாகத் தூங்கவில்லை. ஆனால் வாப்பா வந்து சிறகில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். "சாலிஹ், வீட்டுக்குத்தானே போற?" என்று கேட்டார். ஓம் என்றேன். பார்த்தால் இரண்டு மணி நேரம் போயிருக்கிறது.

பஹ்ரைனில் இறங்கும்போது கீழ்ச்சிறகில் துணி கிழிந்துவிட்டது. ஊசி வாங்கி நானே தைத்தேன். துரை தையலைத் தடவிப் பார்த்து, "யாரிடம் பழகினாய்?" என்றார். என் தங்கச்சி கால்சட்டைக்குப் பொத்தான் தைத்துத் தர மாட்டாள், அதனால் பழகினேன் என்றேன். சிரி, சிரி.

தரை பற்றி ஒரு வரியும் வரவில்லையே? துரை தினமும் கேட்கிறார். பிரேக் இல்லாத விமானம். இறங்கினால் உருண்டு தானாக நிற்கவேண்டும். சாச்சாவைத் துரத்து.

ஹுசைனின் விஷயமாகச் சாச்சா எழுதினார்: "பிள்ளையிடம் கேட்டேன். பேசாமல் இருந்தாள். கன்னிப்பெண் பேசாவிட்டால் அது சம்மதம்தானே." வாயாடி நீ, உனக்கும் வெட்கம் வருமா! சந்தோசப்பட்டேன்.

பதிலைக் கராச்சிக்குப் போடு.

நானா

*

அலுவிகாரை,
1953 டிசம்பர் 5

நானாவுக்கு ஸலாம். உம்மா நலம். நானும் நலம். உங்கள் உடம்பு எப்படி? வாப்பா சிறகில் உட்கார்ந்த கதையை உம்மாவுக்கு வாசித்தேன். அழுதார். பிறகு, "செருப்பக் கழட்டினாரா? அப்ப அவருதான்" என்றார்.

தரை பற்றிய விபரம் இதோ. போய்ப் பார்த்தாயிற்று. ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. மழையில் தம்புள்ளைப் பாதை மோசமாக இருந்தும் போய்ப் பார்த்தாயிற்று.

பழைய தரை நல்ல நீளம். ஆனால் கிழக்குப் பக்கம் பாதிக்கு மேல் பற்றைக்காடு. இரண்டு பாலை மரங்களும் முளைத்திருக்கின்றன. மேற்குப் பக்கம் இலுக்குப் புல் இடுப்பளவு. புல்லுக்குள் நான்கு புற்றுகள். இடித்து மண்ணை மட்டம் பண்ணியாயிற்று. எருமை புரண்டு ஒரு பள்ளம். அதில் கல் போட்டு நிரப்பி இடித்தாயிற்று. எருமைக்காரருடன் பேசி, தரையில் கட்டாமல் இருக்கச் சொல்லியாயிற்று. வடக்கு ஓரத்தில் ஒரு இரும்புக் கம்பி மண்ணுக்குள்ளிருந்து எழும்பி நின்றது. அதையும் தோண்டி எடுத்தாயிற்று.

இப்போது ஒரே நீளமாக, கல் முள் இல்லாமல் இருக்கிற இடம் நானூற்றெண்பது கவடு. மூன்று தடவையும் எண்ணியதில் ஒரு கவடும் கூடக் குறையவில்லை.

எருமைகளுக்கு நடுவே தனியாக ஒரு ஆள் எண்ணிக்கொண்டே நடந்து போவதை நினைத்துப் பார்க்கிறேன். நின்றால் எண்ணிக்கை போய்விடும். அதனால் மழை பெய்தாலும் நிற்காமல், முன்னூற்றொன்று, முன்னூற்றிரண்டு என்று சொல்லிக்கொண்டே போவது. அதைக் கண்ணை மூடினால் காண்கிறேன் நானா.

பத்திரமாக வாருங்கள். வேறு எழுத ஒன்றும் இல்லை.

மஸீஹா

*

கராச்சி,
1953 டிசம்பர் 29

அன்புத் தங்கச்சிக்கு, ஸலாம். சுகம். உங்கள் சுகத்துக்கு எப்போதும் துஆ.

எஞ்சினில் ஒரு உறுப்பு உடைந்து, புதியது இங்கிலாந்திலிருந்து கப்பலில் வருகிறது. ஆகாயத்தில் வருகிற நாங்கள் கப்பலுக்குக் காத்திருக்கிறோம். உம்மாவிடம் சொல், சந்தோசப்படுவார்.

உன் கடிதத்தை வரிக்கு வரி துரைக்கு இங்கிலீசில் சொன்னேன். கம்பியைத் தோண்டி எடுத்த இடத்தில், "நிறுத்து, இன்னொரு தடவை சொல்" என்றார். அந்தக் கம்பி சக்கரத்தில் சிக்கியிருந்தால் இரண்டு பேரும் மவுத்து. சாச்சா இவ்வளவு சிரத்தையான ஆள் என்று எனக்குத் தெரியாது! கல்யாண வீட்டில் கதிரையை விட்டு எழும்பாத மனிதர், எருமைப் பள்ளத்தில் இறங்கியிருக்கிறாரே! வந்ததும் அவர் கையைப் பிடித்து முத்துவேன். என் நன்றியைச் சொல்.

நானா

*

அலுவிகாரை,
1954 ஜனவரி 16

நானாவுக்கு ஸலாம். உம்மாவுக்கு இரண்டு நாள் காய்ச்சல் இருந்து இப்போது விட்டது. கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன். நீங்கள் பனியில் தலையை மூடிக்கொள்ளுங்கள்.

உங்கள் நன்றியைச் சாச்சாவிடம் சொன்னேன். சிரித்தார்.

புல் திரும்பவும் வளர்கிறது. கிழமைக்கு ஒரு தடவை வெட்டியாகிறது.

ஹுசைன் வீட்டிலிருந்து வந்து அளவுச் சட்டை வாங்கிப் போனார்கள். நல்ல மனிதர்கள். சேலை மாதுளைப் பூ நிறமாம். ரஜப் பிறைக்கு மண்டபம் பேசியிருக்கிறார்கள்.

மேலே இருக்கும்போது கீழே இருக்கிற ஆட்களை அடையாளம் தெரியுமா? யார் எவர் என்று தெரியாமல் எல்லாரும் ஒரே மாதிரித்தானா? இதற்கு மறக்காமல் பதில் எழுதுங்கள்.

மஸீஹா

*

திருச்சிராப்பள்ளி,
1954 பெப்ரவரி 24

என் தங்கச்சிக்கு ஸலாம். உம்மாவின் காய்ச்சல் முழுதாக விட்டதா? நான் சுகத்திலும் சுகம். தெருவில் தமிழ்ச் சத்தம் கேட்கிறது!

பம்பாயிலிருந்து இங்கே வரும் வழியில் நான் விழித்திருந்தேனா, இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. பருத்தி வயல்கள் வெள்ளையாக, கீழேயும் மேகம் கிடப்பது போல. எங்களுக்கு மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம், நடுவில் ஒரு துணி வீடு. துரை பின்னால் ஏதோ பாட்டு முணுமுணுத்தார். நான்கு மாதமாக ஆகாயத்தில் கிடந்து, தரையில் இறங்கினால் கால் தடுமாறுகிறது. கட்டிலில் படுத்தாலும் கட்டில் பறக்கிறது.

நீ கேட்டதற்குப் பதில்: மேலேயிருந்து முகம் தெரியாது. நடை தெரியும். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நடை.

மார்ச் இரண்டாம் திகதி காங்கேசன்துறைக்கு வருவோம். ஐந்தாம் திகதி காலை சிகிரியா. துரையும் நானும் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். விமானம் நிற்கக் குறைந்தது ஆயிரத்து நானூறு அடி வேண்டும். சாச்சா ஆறடி உயரம். அவருடைய கவடு மூன்றடிக்குக் குறையாது, வாப்பா சொல்லிச் சிரிப்பார். நானூற்றெண்பது கவடு என்றால் ஆயிரத்து நானூற்று நாற்பது அடி. நாற்பது அடி மிச்சம்! "மட்டுமட்டு. ஆனால் போதும்" என்று துரை கைகொடுத்தார்.

இனிக் கடிதம் வேண்டாம். நேரே வருகிறேன்.

நானா

*

தந்தி
மாத்தளை, 1954 மார்ச் 1

சாலிஹ், விட்லோ விமானம், காங்கேசன்துறை விமான நிலையம்.
கவடு சாச்சாவுடையது அல்ல. ஜுனைதீனுடையது. இறங்க வேண்டாம். கடிதம் வருகிறது. மஸீஹா.

*

அலுவிகாரை,
1954 மார்ச் 2

நானாவுக்கு ஸலாம். உம்மா சுகம் என்று எழுதவேண்டும். உண்மையில் நேற்றிலிருந்து அவர் சோற்றில் கைவைக்கவில்லை. நீங்கள் தரையில் இருக்கிறீர்கள் என்ற செய்தி வந்தால்தான் எங்களுக்கு மூச்சு வரும்.

நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் முதல் கடிதத்தைச் சாச்சாவிடம் வாசித்தபோது, "எரும மேயுற காட்டுல நான் போய் நடக்கவா? எனக்கு ஏலாது புள்ள. தர நல்லா இருக்குன்னு எழுதிவிடு" என்றார். எப்படி எழுத? துணி விமானத்தில் வருவது நீங்கள். இரண்டு கிழமை கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். பிறகு அடுத்த வீட்டு றாபியாவிடம் சொன்னேன். அவளுடைய நானா ஜுனைதீன் மிளகாய் வாங்கக் கிழமைக்கு இரண்டு நாள் தம்புள்ளைக்குப் போகிறவர். அவள் சொல்ல, அவர் போனார். யார் கேட்டது, எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை. அளந்தது, புற்றை இடித்தது, கம்பியைத் தோண்டியது, எல்லாம் அவர். றாபியா கையில் துண்டுக் கடதாசி வரும். நான் அதைப் பார்த்து எழுதுவேன். அவரோடு ஒரு வார்த்தை நான் பேசியதில்லை. உம்மா அறிவார்.

அவர் பெயரை எழுதினால் நீங்கள் அந்தத் தரையையே வேண்டாம் என்பீர்கள் என்று பயந்தேன். அதனால் பெயரை விட்டுவிட்டு, அளந்தாயிற்று, வெட்டியாயிற்று என்று எழுதினேன். பொய் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டேன். நீங்கள் சாச்சாவுக்கு நன்றி எழுதியபோதாவது சொல்லியிருக்க வேண்டும். அப்போதும் விட்டேன். திருச்சிக் கடிதத்தில் மூன்றடி என்று கண்டதும்தான் என் பிழை விளங்கியது. அவருடைய கவடு எப்படி மூன்றடி வரும்?

றாபியாவோடு மாத்தளைத் தபாற்கந்தோருக்கு ஓடினேன். போஸ்ட் மாஸ்டர் உருத்திரமூர்த்தி ஐயா தந்தியை வாசித்துவிட்டு, "பிள்ளை, அளவு பிழை எண்டு மட்டும் போட்டால் காணாதே? பேர் என்னத்துக்கு?" என்று கேட்டார். பிழையாயிற்று என்று போடலாம்தான். அதுவும் ஆள் இல்லாத பேச்சுத்தானே நானா. "பேர் போட்டாத்தான் ஐயா நானாவுக்குக் கால் விளங்கும்" என்றேன். பேனாவை எடுத்தார். "அப்ப பேரோடையே அடிப்பம்" என்றார்.

இன்று காலை ஜுனைதீன் கடை வாசலில் நாடாப் பிடித்து அளந்து அனுப்பினார். அவருடைய பத்துக் கவடு பதினேழரை அடி. ஆக, தரை எண்ணூற்று நாற்பது அடிதான். பாலை மரங்கள் அதற்கு அந்தப் பக்கம் நிற்கின்றன.

என்னை ஏசுங்கள். பொறுத்துக்கொள்வேன். இறங்க மட்டும் வேண்டாம்.

மஸீஹா

*

காங்கேசன்துறை,
1954 மார்ச் 4

மஸீஹாவுக்கு, ஸலாம். உடம்பு சுகம். உன் கடிதம் கிடைத்தது. உம்மாவைச் சாப்பிடச் சொல்.

உன்மேல் எனக்குக் கோபம். தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க விமானத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். இரண்டு கடிதத்தில் ஒரு பெயரை எழுத உனக்குக் கை வரவில்லை. நான் அவ்வளவு பொல்லாதவனா? யோசித்தேன். ஆம், அப்படித்தான் எழுதியிருந்தேன்.

துரையிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. சொன்னேன். அளந்த ஆளுக்கு ஒரு கால் குட்டை என்றேன். "மூன்று தடவையும் ஒரே எண் என்றாயே, உண்மையா?" என்று கேட்டார். உண்மை என்றேன். "கால் எப்படி இருந்தால் எனக்கென்ன? எண் பிசகாத ஒருவர் அங்கே நிற்கிறார். அவரை வைத்து இறங்குவோம்" என்றார்.

ஜுனைதீனிடம் சொல்: அவருடைய கவட்டில் இன்னும் முந்நூற்றிருபது வேண்டும். பாலை மரங்களையும் எடுக்கவேண்டும். முடியுமா என்று கேள். முடிந்தால் மட்டும் தந்தி அடி. பெயர் போட்டு அடி.

சாலிஹ்

*

தந்தி
மாத்தளை, 1954 மார்ச் 10

முந்நூற்றிருபதும் ஜுனைதீன் வெட்டி முடித்தார். நாளை காலை நெருப்பு மூட்டிப் புகை காட்டுவார். வாருங்கள். மஸீஹா.

*

சிகிரியா விமானத் தரை,
1954 மார்ச் 11

அன்புத் தங்கச்சி மஸீஹாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உன் நானா முழு உடம்போடு இலங்கை மண்ணில் உட்கார்ந்து எழுதுகிறேன். உம்மாவுக்கு முதலில் இதை வாசித்துக் காட்டு.

விடிந்து புறப்பட்டோம். கடல்நீரேரி வெள்ளித்தட்டாகக் கிடந்தது. ஆனையிறவு உப்பு. அதற்குப் பிறகு காடு, காடு, காடு. காட்டுக்குள் குளங்கள், ஒவ்வொரு குளத்திலும் ஒரு வானம், ஒவ்வொரு வானத்திலும் நாங்கள் சின்னதாகப் போய்க்கொண்டிருந்தோம். எந்த வானத்தில் இருக்கிறேன் என்று மறந்துவிட்டது. பஸ்ராவும் கராச்சியும் யாரோ எனக்குச் சொன்ன கதை மாதிரி. அனுராதபுரத்துத் தாதுகோபங்கள் பனியில் பாதி கரைந்து நின்றன. இப்படியே போய்க்கொண்டே இருந்தால் என்ன, ஏன் இறங்கவேண்டும் என்று தோன்றியது. துரை என் தோளைத் தட்டிக் கையை நீட்டினார். பனிக்கு மேலே சிகிரியாக் கல் மட்டும் மிதந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு நூல் புகை, மேற்கே சாய்ந்து. காற்று எந்தப் பக்கம் என்று காட்ட மூட்டிய நெருப்பு.

தரை சீவிய மாதிரிக் கிடந்தது. கோடியில் வெள்ளைச் சாரம் உடுத்த ஒரு ஆள். நாங்கள் ஒரு வட்டம் போட்டபோது அவர் ஓரத்துக்கு நடந்தார். ஒரு தோள் தாழ்ந்து, ஒரு தோள் எழும்பி. எண்ணூறு அடிக்கு மேலேயிருந்து நான் அடையாளம் கண்டுகொண்டேன். எனக்கு அழுகை வந்தது மஸீஹா. கண்ணாடிக்குள் தண்ணீர் கட்டி, இறங்குவதை நான் சரியாகப் பார்க்கவில்லை.

உருண்டோம், உருண்டோம், பாலை மரத்தை வெட்டிய இடத்தையும் தாண்டி உருண்டு நின்றோம். துரை இறங்கி, மிச்சம் எவ்வளவு என்று கேட்டார். ஜுனைதீன் சிறகின் முன்னாலிருந்து பற்றைக்காடு வரை நடந்து எண்ணினார். பதினொரு கவடு. துரை தொப்பியைக் கழற்றி அவருக்கு மரியாதை செய்தார்.

நான் அவரிடம், "ஏன் மூணு தடவ அளந்தீங்க?" என்று கேட்டேன்.

"ஒரு தடவ அளந்தா உங்க வீட்டுல நம்பியிருப்பாங்க. எனக்கு நம்பிக்க வரணுமே" என்றார்.

"நான் எழுதினத நினைச்சுக் கோவம் இல்லையா?"

"கால் இழுக்குறது உண்மதானே நானா. அதுக்கு என்னத்தக் கோவிக்க?" என்றார். பிறகு, "தேத்தண்ணி கொண்டாந்தேன், குடிங்க. ஆறிப் போகும்" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

துரை தம்புள்ளைக்குப் போயிருக்கிறார். கொழும்பிலிருந்து அதிகாரிகள் வரும்வரை நான் விமானத்தை விட்டு நகர முடியாது. எருமைகள் வார்னிஷ் மணத்துக்கு வந்து சிறகை நக்குகின்றன. ஐந்து மாதம் ஆகாயத்தில் தப்பியதை எருமைக்குத் தின்னக் கொடுக்கவா?

அதனால் இந்தக் கடிதத்தை ஜுனைதீன் கையிலேயே அனுப்புகிறேன். நிக்காஹ் புத்தகத்தில் வலிகாரனுக்குக் கையெழுத்துப் போட இடம் இருக்கிறது, மாப்பிள்ளைக்கு இருக்கிறது. பெண்ணுக்கு இடமே இல்லை. இவ்வளவு நாளும் அதை நான் யோசித்ததில்லை. ஆகவே இந்தத் தாளில் கீழே அரைப் பக்கம் விட்டிருக்கிறேன். அது உன்னுடையது. ஹுசைன் என்றால் ஹுசைன். வேறு என்றால் அவர்கள் வீட்டுக்கு நானே போய் முகம் கொடுப்பேன். வாக்குக் கொடுத்தது நாங்கள், நீ அல்ல. என் கை நீ எழுதுகிற பக்கம்தான் கையெழுத்துப் போடும். எழுதி, ஒட்டி, இவரிடமே கொடுத்துவிடு.

உன் நானா,
சாலிஹ்

*

(அதே தாளில்)

என் நானாவுக்கு, வஅலைக்கும் ஸலாம். அல்ஹம்துலில்லாஹ். உம்மா இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டார். உங்களுக்கும் கட்டி அனுப்புகிறோம். ஆற முந்திச் சாப்பிடுங்கள்.

அரைப் பக்கம் எனக்கு அதிகம்.

நான் பேசாமல் இருந்தது சம்மதம் இல்லை. பயம். ஹுசைன் எனக்கு வேண்டாம். அவர் நல்லவர், அவருக்கு நல்ல இடம் கிடைக்க நான் துஆ செய்வேன். எனக்கு ஜுனைதீன் வேண்டும். போன வருஷமும் வேண்டும் என்றுதான் இருந்தேன், அதற்கு முந்தின வருஷமும்.

அவர் வாசலில் நிற்கிறார். உட்காரச் சொன்னால் லொறி காத்திருக்கிறது என்கிறார். தாளை நன்றாக ஒட்டித்தான் கொடுக்கிறேன். என்ன கொண்டுபோகிறார் என்று அவருக்குத் தெரியாது, பாவம். நீங்கள் வாசித்ததும் அவரை அனுப்பிவிட வேண்டாம். பக்கத்தில் இருத்தி, இதைச் சத்தம்போட்டு வாசியுங்கள். எருமைகளுக்கும் கேட்கட்டும்.

மஸீஹா